கனடா லைசன்ஸோடு இரணைமடுவுக்கு மேல் பறக்கலாமா?

முறிகண்டியான் (ஸ்காபுரோ):

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாகக் கேட்க நினைத்த விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கையின் வன்னியில், முறிகண்டிக்குக் கிட்டப் பிறந்தவன். 1998இல், பத்தொன்பது வயதில் கனடா வந்தேன். 2011இல் மார்க்கத்தில் இருந்த பட்டன்வில் விமான நிலையத்தில் சின்ன விமானம் ஓட்டப் பழகத் தொடங்கினேன். அந்த நிலையம் 2023 நவம்பர் கடைசியில் மூடப்பட்டுவிட்டது. இப்போது ஓஷவாவுக்குப் போய்ப் பறக்கிறேன். கனடாவில் ப்ரைவேட் பைலட் லைசன்ஸுக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எனக்கு 68 மணி நேரம் எடுத்தது. வேலை, பிள்ளைகள், பனிக்காலம் என்று இடையிடையே விட்டுவிட்டுப் பழகினால் படித்தது பாதி மறந்துபோகும். திரும்பத் திரும்பக் காசு கட்டித்தான் அதை மீட்க வேண்டும்.

ஏன் இந்த ஆசை என்று வீட்டில் கேட்பார்கள். பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி வளர்ந்த ஆட்கள் நாங்கள். சத்தத்தை வைத்தே வருவது ஹெலியா, குண்டு போடுகிற சகடையா, புக்காராவா, கிபிரா என்று சொல்லிவிடுவோம். பழகிய செஸ்னா 172 விமானத்தின் எஞ்சினை முதல்முறை நானே ஸ்டார்ட் செய்த அன்று கை வேர்த்து, திறப்பு வழுக்கியது. எனக்குப் பழக்கிய பெண் ஒன்றும் கேட்கவில்லை. "இன்றைக்குத் தரையிலேயே ஓட்டிப் பார்ப்போம்" என்றார். ஓடுபாதை வரைக்கும் போய்த் திரும்பினோம், அவ்வளவுதான். அந்த அம்மாவை இன்றுவரை மறக்கவில்லை.

மூன்றாவது வகுப்பில் 2500 அடியிலிருந்து மார்க்கத்துக்கு வடக்கே இருக்கும் தோட்டக்காணிகளைப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, நடுவில் ஒரு குட்டை. எனக்கு எங்கள் வயலும் குளமும்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரை அந்தக் காலத்தில் மேலிருந்து பார்த்தவர்கள் குண்டு போட வந்தவர்கள் மட்டும்தான். நானும் ஒருமுறை, நல்ல மனதோடு, மேலிருந்து அதைப் பார்க்க வேண்டும்.

வருகிற தையில் இரண்டு மாத லீவில் வருகிறேன். அக்கா கிளிநொச்சியில் இருக்கிறா. அவவுடைய மகனுக்குப் பதினான்கு வயது, விமானம் என்றால் உயிர். என் கையில் இருப்பது கனடா பாஸ்போர்ட் மட்டும், இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. ஒரு செஸ்னாவை வாடகைக்கு எடுத்து, மருமகனை ஏற்றிக்கொண்டு இரணைமடுக் குளத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்ற வழி இருக்கிறதா?


பாரிஸ்_விசுவமடு:

அண்ணை, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கும் எழுத வேண்டும் போல வந்தது. நான் பாரிசுக்கு வெளியே பாராமோட்டர் ஓட்டுகிறேன். முதுகில் எஞ்சின், தலைக்கு மேல் துணிச் சிறகு. பிரான்சில் இதை உல்ம் என்கிற மிக எடை குறைந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள். பதினைந்து வயதிலிருந்தே லைசன்ஸ் எடுக்கலாம். வெளிநாட்டுக்காரன் என்று யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வாடகை விமானம், ஓடுபாதை எல்லாம் எதற்கு? எஞ்சினைக் கழற்றினால் இரண்டு பெட்டிக்குள் வந்துவிடும். விசுவமடுவில் எங்கள் சித்தப்பாவின் காணி ஐந்து ஏக்கர், வெட்டவெளி. காலையில் அரை மணி நேரம் பறந்துவிட்டு இறங்கினால் யாருக்கு என்ன? நான் ஆடியில் அப்படிச் செய்யத்தான் யோசிக்கிறேன்.


இரத்மலானை மெக்கானிக்:

தம்பி பாரிஸ், முதலில் உங்களுக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் ஒட்டுசுட்டான்காரன். பதினெட்டு வருடமாக இரத்மலானையில் சின்ன விமானங்களைத் திருத்துகிறேன். இங்கே எஞ்சினோடு மனிதன் பறக்கிற எதற்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பாதுகாப்புத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குப் படம் எடுக்கிற ட்ரோனுக்கே அனுமதி கேட்கிற நாடு இது. வன்னியில் ஏன் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் குண்டு போட்ட புலிகளின் விமானம் ஸ்லின் 143. செக் நாட்டில் பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் செய்த நாலு இருக்கை விமானம் அது. அளவில் முறிகண்டி அண்ணை ஓட்டுகிற செஸ்னா மாதிரித்தான். அதனால் இங்கே சின்ன விமானத்தை விளையாட்டுப் பொருள் என்று யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் அரை மணி நேரம் பறந்துவிட்டு இரண்டு கிழமையில் பாரிசுக்கு ஏறிவிடுவீர்கள். விசாரணைக்குப் போய் வருவது சித்தப்பா. அவருடைய பிள்ளைகளின் வேலை, காணிப் பத்திரம் என்று எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை நினைத்துப் பாருங்கள்.

இனி முறிகண்டி அண்ணைக்கு. உங்கள் லைசன்ஸ் நல்ல லைசன்ஸ். ஆனால் லைசன்ஸ் ஆளைப் பார்ப்பதற்கு முன் விமானத்தைப் பார்க்கும். விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த லைசன்ஸ் அல்லது அந்த நாடு ஏற்றுச் செல்லுபடியாக்கிய லைசன்ஸ் வேண்டும். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் சி எழுத்தில் தொடங்கும் கனடா விமானத்தை உலகம் முழுக்க ஓட்டலாம். இங்கே வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் 4ஆர் என்று தொடங்குபவை. அதைத் தலைமை விமானியாக ஓட்ட இலங்கையின் வாலிடேஷன், அதாவது உங்கள் லைசன்ஸை ஏற்கிற அனுமதி, வேண்டும். அதிகாரசபை உங்கள் லைசன்ஸ் உண்மையா, இப்போதும் செல்லுமா என்று கனடாவிடம் கேட்டு உறுதிப்படுத்தும். மெடிக்கல், லொக்புக், ஆங்கிலத் தரம் எல்லாம் பார்ப்பார்கள். அங்கிருந்தே பத்திரங்களை அனுப்பத் தொடங்குங்கள், வந்து இறங்கிய பிறகு தொடங்கினால் லீவு முடிந்துவிடும்.

அடுத்தது இறங்குகிற இடம். வவுனியா, இரணைமடு, முல்லைத்தீவு மூன்றும் விமானப்படைத் தளங்கள். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, சென்னைக்கு விமானம் போகிறது. ஆனால் அங்கேயும் விமானப்படை இருக்கிறது. வன்னிக்குள் நீங்கள் நினைத்த நேரம் போய் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறுகிற மாதிரி ஒரு கிளப் மைதானம் இல்லை. பயிற்சிப் பள்ளிகள் இரத்மலானைப் பக்கம்தான். அங்கிருந்து இரணைமடு நேர்கோட்டில் 280 கிலோமீற்றர் வரும். 172இல் ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்ட. இறங்காமல் திரும்புவதென்றால் போய்வர மூன்று மணி நேரம். எரிபொருள் கணக்கு, மாற்று நிலையம், முன்கூட்டியே கொடுக்கிற பறப்புத் திட்டம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இலங்கை லைசன்ஸ் உள்ள பயிற்றுநரை வைத்துக்கொண்டு பயிற்சிப் பறப்பாகப் போங்கள். தலைமை விமானி அவர். அதற்கு உங்களுக்கு வாலிடேஷன் தேவைப்படாது. கையில் கட்டுப்பாடு உங்களிடம்தான் இருக்கும்.


முறிகண்டியான்:

மிக்க நன்றி தம்பி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். நான் இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இது சுலபமாகுமா?


இரத்மலானை மெக்கானிக்:

ஆகாது அண்ணை. அதே 32ஆம் உறுப்புரையின் இரண்டாவது பகுதியைப் பாருங்கள். தன் குடிமகன் வேறு நாட்டில் எடுத்த லைசன்ஸை, தன் வானத்துக்குள் ஏற்காமல் விட ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டுக்காரனாக வருகிற உங்களுக்கு அந்த வரி பொருந்தாது. காணி வாங்க, வந்து தங்க இரட்டைக் குடியுரிமை உதவும். பறக்க அது தேவையில்லை.


சோளகம் (ஜெர்மனி):

நான் கிளைடரில் தொடங்கி இப்போது எஞ்சின் விமானமும் ஓட்டுகிறேன். வேறு நாட்டில் குடியேறியவன் பறக்கப் பழகும்போது எங்கே தடுக்கி விழுவான் என்று கொஞ்சம் எழுத வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இது உதவும்.

ஜெர்மனியில் குடியுரிமை கேட்க மாட்டார்கள். ஆனால் வான்பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி நம்பகத்தன்மைப் பரிசோதனை உண்டு. பொலிஸ், உளவுத்துறை, வெளிநாட்டவர் பதிவேடு என்று எல்லா இடத்திலும் உங்கள் பெயரைத் தேடுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். ஜெர்மன்காரனுக்கும் இது உண்டு. ஆனால் எங்கள் பத்திரங்கள் தடிப்பானவை. அகதியாக வந்தபோது கொடுத்த வாக்குமூலம், பெயரை மூன்று விதமாக எழுதிய மூன்று அலுவலகங்கள், பிறந்த திகதி பிழையாக விழுந்த ஒரு அட்டை. எனக்கு ஒன்பது மாதம் இழுத்தது. கடைசியில் தடை என்னவென்று பார்த்தால், ஒரு அலுவலகம் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தது. அந்த ஒன்பது மாதமும் நான் செய்த தப்பு என்ன என்று யோசித்து நித்திரை இல்லாமல் கிடந்தேன். நான் சொல்வது இதுதான்: மணிக்கணக்குக்குக் காசு கட்டுவதற்கு முன், எல்லாப் பத்திரத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. குடியுரிமை இல்லாதவர் கிரீன் கார்ட் வைத்திருந்தாலும், விமானம் பழகுவதற்கு முன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் அனுமதி எடுக்க வேண்டும். அது 2001 செப்டம்பருக்குப் பின் வந்தது. கனடாவில் அந்த மாதிரி முன்தடை இல்லாததால் முறிகண்டி அண்ணை அதிர்ஷ்டசாலி.

"குறைந்த மணி நேர" லைசன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் ரிக்ரியேஷனல் பெர்மிட் 25 மணி நேரம், ஆஸ்திரேலியாவின் ரிக்ரியேஷனல் லைசன்ஸும் 25 மணி நேரம், ஐரோப்பாவின் இலகு விமான லைசன்ஸ் 30 மணி நேரம். மலிவு என்று எங்கள் ஆட்கள் இதற்குத்தான் முதலில் ஓடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பறக்க அது தாராளமாகப் போதும். ஆனால் இவை சர்வதேசத் தரத்துக்குள் வராதவை. கனடா பெர்மிட் கனடாவுக்கு வெளியே செல்லாது. ஒருநாள் ஊரில் பறக்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஒரு மூலையில் இருந்தாலும் முழு ப்ரைவேட் லைசன்ஸையே எடுங்கள். நான் முதலில் சின்னதை எடுத்து, பிறகு பெரியதற்கு இரண்டாம் முறை செலவழித்தவன்.

லண்டன் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்: 2020 முடிந்ததோடு பிரிட்டன் ஐரோப்பிய ஒழுங்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. பிரிட்டிஷ் லைசன்ஸோடு இங்கே வந்து டி எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் விமானத்தை எடுக்க முடியாது. என் மச்சான் அதற்காகவே ஐரோப்பிய லைசன்ஸுக்கு மாற்றுகிறார். சட்டமும் மனித உடலியலும் என்று இரண்டு பரீட்சை, ஒரு பறப்புப் பரீட்சை, குறைந்தது 100 மணி நேர அனுபவம்.

உயிர்க் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சொந்தமாக விமானம் ஓட்டி இறந்தால் காசு இல்லை என்று பலவற்றில் எழுதியிருக்கும். வீட்டுக் கடன் உள்ளவர்கள் மனைவிக்குச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.


அக்கராயன் ரீச்சர்:

எல்லோரும் சட்டத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் கீழே இருக்கிற ஆள். கீழே இருந்து ஒன்று சொல்லட்டுமா?

முறிகண்டி அண்ணா, உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் செஸ்னாவின் சத்தம் கிபிர் மாதிரி இருக்காது என்பதால் சனம் பயப்படாது என்று நினைக்க வேண்டாம். அது வண்டு மாதிரி இருக்கும். ஆளில்லா வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வண்டு. சின்ன எஞ்சின், ஒரே சீராக, நீண்ட நேரம் தலைக்கு மேல் ரீங்காரம். வண்டு வந்து சுற்றினால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் 1998இல் போய்விட்டீர்கள். கடைசி வருடங்களின் சத்தம் உங்கள் காதில் இல்லை.

2006 ஆகஸ்ட் 14 வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்தபோது நான் உயர்தரம் (ஏ.எல்.) படித்துக்கொண்டிருந்தேன். இறந்தவர்கள் என் வயதுப் பள்ளிப் பிள்ளைகள். என் அம்மாவுக்கு இப்போது 74 வயது. ஹெலி போனால் இன்றைக்கும் அடுப்பைத் தணித்துவிட்டுப் படலை வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போவா. ஒன்றும் பேச மாட்டா. என் வகுப்புப் பிள்ளைகள் அப்படியில்லை. 2010க்குப் பிறகு பிறந்தவர்கள், ஜன்னல் பக்கம் ஓடி "பிளேன் பிளேன்" என்று கத்துவார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருக்கிறது.

அதனால் எனக்கு ஒரு வேண்டுகோள். அனுமதி கிடைத்து வருவதானால் அதற்கு முதல் ஊருக்குச் சொல்லுங்கள். கிராம சேவையாளருக்கு, கோயில் ஒலிபெருக்கிக்கு, பள்ளிக்கூடங்களுக்கு. இந்த நாள், இந்த நேரம், இப்படி ஒரு வெள்ளை விமானம், ஓட்டுவது முறிகண்டிப் பிள்ளை என்று சொல்லுங்கள். தாழப் பறக்காதீர்கள். ஒரே இடத்தில் சுற்றாதீர்கள்.


முறிகண்டியான்:

ரீச்சர், இதை எழுதியதற்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டவன். வண்டு பற்றி நான் யோசிக்கவே இல்லை. பதினான்கு வருடம் பறந்தவனுக்குத் தன் எஞ்சின் கீழே எப்படிக் கேட்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சட்டப்படி ஊர்மனை இல்லாத இடத்தில் 500 அடி, சனம் நெருங்கி வாழும் இடத்தில் மிக உயரமான பொருளுக்கு மேல் 1000 அடி என்பதுதான் கண்பார்வைப் பறப்புக்குப் பொதுவான குறைந்தபட்ச உயரம். எனக்கு அது போதாது. 3000 அடிக்குக் கீழே வர மாட்டேன். சுற்றுவதையும் விடுகிறேன். ஒருமுறை நேராகக் கடந்து போனால் போதும்.


மாங்குளம்77 (லண்டன்):

நான் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால்தான். இடது காது கொஞ்சம் மந்தம். தோளுக்குள் ஒரு எறிகணைச் செல் துண்டு இன்னும் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விமானம் ஓட்ட வேண்டும் என்று யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. இப்படியான உடம்போடு வாய்ப்பு இருக்கிறதா?


முறிகண்டியான்:

இருக்கிறது தம்பி, கட்டாயம் இருக்கிறது. மெடிக்கலில் முழு உடம்பு வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. விமானத்தைப் பாதுகாப்பாகக் கையாள முடியுமா என்றுதான் கேட்பார்கள்.

காலைப் பற்றி. சுக்கானை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். முழங்கால் உங்களுடையது என்றால் மிதிக்கிற வலு தொடையிலிருந்தும் முழங்காலிலிருந்தும் வரும். சிக்கல் பிரேக்கில்தான். செஸ்னாவில் பிரேக் மிதியின் நுனியில் இருக்கிறது, கணுக்காலை மடக்க வேண்டும். பைப்பர் செரோக்கி வகையில் கைப்பிடிப் பிரேக் ஒன்று உண்டு. உங்களுக்கு அது பொருந்தும். லண்டனுக்குத் தென்மேற்கே பிளாக்புஷ் விமான நிலையத்தில் ஏரோபிலிட்டி என்ற அறக்கட்டளை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளைப் பறக்க வைப்பதே அவர்களுடைய வேலை. முதலில் அங்கே போய் ஒரு மணி நேரம் பறந்து பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காதுக்கு, தனியார் விமானிக்கான மெடிக்கலில் சாதாரணப் பேச்சைச் சில அடி தூரத்திலிருந்து கேட்டு விளங்க முடியுமா என்று பார்ப்பார்கள். மந்தம் ஒரு பக்கம்தான் என்றால் மனம் தளர வேண்டாம், ஹெட்செட் சத்தத்தைக் கூட்டித் தரும். செல் துண்டை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோங்கள்.

பிரிட்டனில் சின்ன விமானத்துக்கு டொக்டரிடம் போகாமல் நீங்களே உறுதிமொழி கொடுத்துப் பறக்கிற முறையும் இருக்கிறது. ஆனால் அது பிரிட்டனுக்குள் மட்டும். ஊரில் பறக்கும் எண்ணம் இருந்தால் டொக்டர் பார்த்துத் தருகிற வகுப்பு 2 மெடிக்கலையே எடுங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும் பொதுவாக. நித்திரையின்மைக்கோ பழைய நினைவுகளுக்கோ மருந்து எடுப்பவர்கள் அதை விண்ணப்பத்தில் எழுதாமல் விட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் மறைத்தார், பிறகு வெளியே வந்து லைசன்ஸும் போய்விட்டது. சொல்லியிருந்தால் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். சீனி வருத்தமும் அப்படித்தான். குளிசை எடுப்பவர்களுக்கு வழி இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கனடாவும் பிரிட்டனும் கடுமையான நிபந்தனைகளோடு அனுமதி கொடுக்கின்றன.


மாங்குளம்77 (லண்டன்):

நன்றி அண்ணை. நாளைக்கே எடுத்துக் கதைக்கிறேன்.


வயல்குருவி (கிளிநொச்சி):

நான் ஏ.எல். கணிதப் பிரிவு படிக்கிறேன். எல்லோரும் வெளிநாட்டில் பழகியதைப் பற்றி எழுதுகிறீர்கள். இங்கேயே இருக்கிற பெண்பிள்ளை ஒருவர் பழக முடியாதா? வேலைக்கு என்று இல்லை, பறக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கண்ணாடி போடுகிறேன். அதனால் முடியாது என்று மாமா சொல்கிறார்.


இரத்மலானை மெக்கானிக்:

தங்கச்சி, கண்ணாடி தடையில்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். லைசன்ஸில் "கண்ணாடி அணிய வேண்டும்" என்று ஒரு வரி போடுவார்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று மட்டும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வதேசத் தரத்தில் 17 வயது, குறைந்தது 40 மணி நேரம், அதில் 10 மணி நேரம் தனியாக. தனியாக ஒரு நீண்ட பறப்பு, 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், இடையில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி. இரத்மலானையில் பெண்கள் பழகுகிறார்கள், நான் பூட்டிய எஞ்சினோடு போய் வருகிறார்கள். செலவு பெரியது, அதை மறைக்க மாட்டேன். மொத்தக் காசும் சேரும்வரை காத்திருக்காமல், முதலில் ஒரேயொரு அறிமுகப் பறப்புக்குச் சேருங்கள். அதற்கிடையில் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது வானிலையும் ரேடியோ ஆங்கிலமும். ரேடியோவில் எல்லாம் ஆங்கிலம்தான். லைசன்ஸுக்கு வேண்டிய நான்காம் நிலை ஆங்கிலம் என்பது இலக்கியம் இல்லை. கேட்டதை விளங்கி, பதற்றம் இல்லாமல் பதில் சொல்வது.

வானிலையில் நீங்கள் கொழும்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறீர்கள். சோளகக் காற்று எப்போது எழும்பும், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அதைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது காய்ந்த வயலுக்கு மேல் பகல் பதினொரு மணிக்குப் பறந்தால் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வரம்பு தாண்டுகிற மாதிரித் தூக்கிப் போடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையும் தாழ்ந்த முகிலும். தை, மாசிக் காலை நல்லது. ஆனால் குளத்துப் பக்கம் விடியப்புறம் பனிமூட்டம் நிற்கும், எட்டு மணிக்கு மேல்தான் விலகும். குளங்களுக்கு மேல் பறவை அதிகம். கூழைக்கடா ஒன்று முன்கண்ணாடியில் மோதினால் என்னாகும் என்று நான் திருத்தப் போனபோது பார்த்திருக்கிறேன்.


பாரிஸ்_விசுவமடு:

மெக்கானிக் அண்ணை சொன்னதைச் சித்தப்பாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "நீ வா, அதைக் கொண்டுவராதே" என்றார். நான் கொண்டுவரவில்லை. தம்புள்ளை, கண்டலமைப் பக்கம் கார்த்திகை தொடக்கம் சித்திரை வரை வெப்பக்காற்றுப் பலூன் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். சித்தப்பாவை அதில் ஏற்றலாம் என்று இருக்கிறேன். ஆடிப் பயணத்தை மாசிக்கு மாற்றிவிட்டேன்.


முறிகண்டியான் (இப்போது கிளிநொச்சியிலிருந்து):

போய்வந்தேன். எழுத வேண்டிய கடமை இருக்கிறது.

வாலிடேஷன் இன்னும் வரவில்லை, கனடாவிலிருந்து உறுதிக் கடிதம் வரக் காத்திருக்கிறேன். அதனால் மெக்கானிக் தம்பி சொன்னபடி பயிற்றுநரோடு போனேன். இரத்மலானையில் காலை ஏழரை. நான் இடது பக்கம், பயிற்றுநர் வலது பக்கம், மருமகன் பின்னிருக்கை. வன்னிப் பக்கம் அன்றைக்கு இல்லை. மேற்குக் கரையோரமாக நீர்கொழும்புக் களப்பு, சிலாபம், புத்தளம், கற்பிட்டி, அங்கே திரும்பி வருவது. கட்டுநாயக்காவின் கட்டுப்பாட்டு வலயத்தைக் கடக்கும்போது ரேடியோவில் வரிசையாகப் பெரிய விமானங்கள். சின்னவர்களான எங்களைக் கரையோரமாகவே வைத்துக் கடத்திவிட்டார்கள். மிக மரியாதையான குரல்.

கற்பிட்டிக்கு மேல் 3000 அடியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வலப்பக்கம் வில்பத்துக் காடு, ஒரே கரும்பச்சை. அதற்கு வடக்கே, கடலும் நிலமும் சேருகிற இடத்தில் ஒரு மங்கல் கோடு. பயிற்றுநர் கையைக் காட்டி "மன்னார்" என்றார். மருமகன் பின்னாலிருந்து "மாமா, எங்கள் வீடு அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. திரும்புகிற வளைவை வேண்டுமென்றே அகலமாக எடுத்தேன். பயிற்றுநர் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சனிக்கிழமை ரீச்சரின் ஊருக்குப் போனேன். ஓஷவாவில் நண்பர் ஒருவர் 3000 அடியில் போகும்போது நான் கீழே நின்று பதிவு செய்த சத்தம் போனில் இருந்தது. கேட்கிறீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு ஐயா "இது மோட்டார் சைக்கிள் மாதிரி" என்று திரும்பப் போடச் சொன்னார். ரீச்சரின் அம்மா பாதியில் கையைக் காட்டினா. நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வேறு கதை கதைத்தோம். போகும்போது முருங்கைக்காய் கட்டித் தந்தா.

வாலிடேஷனும் அனுமதியும் வந்தால் பாதையை மாற்றுகிறேன். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் போகவே மாட்டேன். இரணைமடுவுக்குத் தெற்கே காட்டுக்கு மேலாக வந்து, குளத்தின் ஒரு ஓரத்தைக் கடந்து திரும்புவேன். அதுவும் ஒருமுறை.


அக்கராயன் ரீச்சர்:

அண்ணா, நீங்கள் போன பிறகு இரண்டு நாள் அம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இன்று காலை தானாகவே கேட்டா, அந்தப் பிள்ளை பறக்கிற நாள் எப்போது என்று. திகதி தெரிந்தால் அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வருவாவாம். பறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.


முறிகண்டியான்:

அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வாகனத்தை நான் பிடித்துத் தருகிறேன் ரீச்சர். திகதி கிடைத்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன், அம்மாவுக்குத் தோதில்லை என்றால் மாற்றிக் கேட்பேன்.